“ரெண்டு வருஷம் வாடகை கேரண்டி”ன்னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

கேள்வி: வாடகைக்கு விடறதுக்காக முதல் தடவையா ஒரு பிளாட் பாத்திருக்கேன். முதல் ரெண்டு வருஷமும், வருஷத்துக்கு விலையில 7 சதவீதம் வாடகையா வரும், வராட்டி நாங்களே தர்றோம்னு விக்கிறவங்க எழுதித் தர்றாங்க. இ.எம்.ஐ.ல பெரும்பகுதி அதுலயே போயிடும்னு புரோக்கர் சொல்றார். அட்வான்ஸ் குடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு குடுக்காதீங்க. அந்த 7 எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க.

உங்ககிட்ட சொல்ற விலை 100ன்னு வச்சுக்குங்க. கேரண்டி இல்லாம அதே மாதிரி வீடு பக்கத்துல 90க்கு போகுது, நிஜ வாடகை வருஷத்துக்கு 4தான். விக்கிறவர் ரெண்டு வருஷம் மிச்சம் 3, 3ன்னு போட்டு மொத்தம் 6 குடுப்பார், ஆனா விலையிலயே 10 கூட வாங்கியாச்சே, அவருக்கு 4 லாபம். உங்க காசையே உங்களுக்கு வாடகைன்னு திருப்பித் தர்றாங்க, அந்த கூடுதல் 10க்கு நீங்க லோன் வட்டி கட்டணும், பதிவுச் செலவும் அந்த விலைக்குத்தான், போதாக்குறைக்கு திரும்பி வந்த காசை வருமானம்னு காட்டி வரி வேற. மூணாவது வருஷம் வாடகை 4க்கு இறங்கும், வருஷத்துல ஒரு மாசம் வீடு காலியா கிடந்தாலே அந்த வருஷ வாடகையில 8 சதவீதம் போச்சு, அப்புறம் மெயின்டனன்ஸ், ரிப்பேர், சொத்து வரி எல்லாம் போக 3 தேறினா பெரிசு. இ.எம்.ஐ. மட்டும் அப்படியே நிக்கும்.

இதை ஏன் யாரும் சொல்லலன்னு கேப்பீங்க. யார் சொல்லுவாங்க? புரோக்கருக்கு விலை ஏற ஏற கமிஷன் ஏறும். பேங்க்ல மதிப்பீடு பண்றது அவங்க கடன் பத்திரமா இருக்கான்னு பாக்கத்தான், பீஸ் நம்மகிட்ட வாங்கிட்டு அந்த ரிப்போர்ட்டை பல இடத்துல நம்ம கண்ணுலயே காட்ட மாட்டாங்க. பதிவு ஆபீஸ்ல பேப்பர், கையெழுத்து, கட்டணம், அவ்வளவுதான். ஆளுக்கொரு சீல் குத்துறாங்க, இந்த விலை உனக்குக் கட்டுபடியாகுமான்னு கேக்க ஒரு ஆள் கிடையாது.

விக்கிறவங்கள்ல சில பேர் இன்னும் ஒரு படி மேல போய், ஆளையே குடி வச்சு ஜாஸ்தி வாடகைக்கு அக்ரிமெண்ட் போட்டுக் காட்டுவாங்க. அக்ரிமெண்ட்டை பாத்து மயங்காதீங்க, ஒரு வருஷம் வாடகை பேங்க்ல ஏறின ஸ்டேட்மெண்ட் கேளுங்க, குடியிருக்கறவர்கிட்ட நேரா பேசுங்க, அவர் குடுத்த டெபாசிட் யார்கிட்ட இருக்குன்னும் கேளுங்க. வீடு கைமாறும்போது அதை விக்கிறவர் கமுக்கமா வச்சுக்கிட்டா, காலி பண்ற அன்னிக்கு உங்ககிட்டதான் கேப்பாங்க.

நிஜ வாடகை தெரியணுமா, அதே பில்டிங்ல வாடகைக்கு வீடு தேடற ஆள் மாதிரி வேற ஒரு புரோக்கருக்கு போன் போடுங்க. உங்ககிட்ட 7 வரும்னு சொன்ன அதே வீட்டுக்கு அவங்க சொல்ற வாடகையை கேட்டா சிரிப்பு வரும். அதுலயும் பேரம் பேசி முடியறதுதான் கணக்கு.

கேரண்டி எல்லாமே மோசமான்னா, ஒரே ஒரு வகையை ஒத்துக்குவேன், பேங்க் கேரண்டி. அதாவது விக்கிறவர் தராட்டி பேங்க் தரணும். அதுலயும் பேப்பர்ல உங்க பேர் இருக்கணும், ரெண்டு வருஷம் முடியற வரைக்கும் செல்லணும், நீங்க கேட்ட உடனே பேங்க் தரணும்னு இருக்கணும். “தகராறு தீர்ந்த பிறகு”ன்னு ஒரு வரி நுழைஞ்சிருந்தா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. விக்கிற கம்பெனியே கையெழுத்து போட்டா அந்த கம்பெனி இருக்கற வரைக்கும்தான், நேத்து ஆரம்பிச்ச இன்னொரு கம்பெனி பேர்ல போட்டிருந்தா அதுவும் இல்ல. எல்லாம் சரியா இருந்தாலும் 90, 100 கணக்கு மாறாது, அதையும் பாத்துக்குங்க.

நாளைக்கு அவங்களை பாக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க: “எனக்கு கேரண்டி வேண்டாம், விலையில எவ்வளவு குறைப்பீங்க?” அவங்க சொல்ற தொகையை நிஜ வாடகையோட சேத்து எனக்கு எழுதுங்க, லோன் எவ்வளவு போடலாம்னு அப்புறம் பாப்போம்.