காலைல பத்து மணிக்கு யாரு கிளாஸ் எடுப்பாங்க? (வாசகர் கடிதமும் பதிலும்)

அக்கா வணக்கம்,

பெங்களூர் ராமமூர்த்தி நகர்ல இருக்கோம், சொந்த ஊர் சேலம். பொண்ணுக்கு ஒன்பது வயசு, பையனுக்கு ஆறு. இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் டிசி வாங்கிட்டு வீட்லயே படிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். முடிவு பண்றது ஈஸியா இருந்துச்சு, இப்பதான் முழி பிதுங்குது. நெட்ல ஹோம்ஸ்கூலிங் கிளாஸ் பெங்களூர்னு தேடினா ஒண்ணு ஆன்லைன் கோர்ஸ் விக்கறவங்க வர்றாங்க, இல்லன்னா நாங்க கட்டிட்டு இருந்த ஸ்கூல் ஃபீஸை விட அதிகமா கேக்கற லேர்னிங் சென்டர். பாட்டு, சயின்ஸ், தமிழ் இதுக்கெல்லாம் எங்க போறது? ரெண்டுக்கும் தமிழ் நல்லா பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. கூட விளையாட ஆளும் இல்ல, அபார்ட்மெண்ட் பசங்க நாலரைக்கு தான் பஸ்ல இருந்து இறங்கறாங்க. மாமனார் ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், தினம் சேலத்துல இருந்து போன் போட்டு "பத்தாவது பரீட்சை எங்கம்மா எழுதுவாங்க, போலீஸ் கேஸ் ஆயிடாதா"ன்னு கேக்கறார். பதில் சொல்லத் தெரியல. பேர் மட்டும் போட்டுறாதீங்க அக்கா, சொந்தக்காரங்க நிறைய பேர் உங்கள படிக்கறாங்க.

*

தங்கச்சிக்கு,

பேர் போடல, கவலைப்படாதீங்க. இதே கேள்வி வேற வேற ஏரியால இருந்து அப்பப்ப வருது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்த தேடலை நிறுத்துங்க. ஹோம்ஸ்கூலிங்னு போர்டு போட்டு விக்கற கிளாஸ்ல பாதிக்கு மேல உங்க பயத்தைத் தான் விலை பேசறாங்க, எல்லாரும்னு சொல்லல, நல்ல சென்டர் நடத்தறவங்களும் இருக்காங்க, ஆனா அது ரெண்டாவது வருஷம் யோசிக்க வேண்டிய விஷயம். உங்களுக்கு வேண்டிய பாட்டு டீச்சர், டிராயிங் மாஸ்டர், செஸ் கோச் எல்லாம் உங்க வீட்ல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ளயே இருக்காங்க, அவங்க போர்டுல நீங்க தேடற வார்த்தை இருக்காது, அவ்ளோதான்.

இன்னொண்ணு, இவங்க எல்லாருக்கும் வேலை சாயங்காலம் நாலுல இருந்து எட்டு வரைக்கும் தான். காலைல பத்துல இருந்து மூணு மணி வரைக்கும் நிறைய பேர் வீட்ல சும்மா தான் இருக்காங்க, ஏன்னா ஊர்ல உள்ள பிள்ளைங்க எல்லாம் அந்த நேரம் ஸ்கூல்ல அடைஞ்சு கிடக்குது. உங்க கையில இருக்கற பெரிய சொத்து அந்தக் காலை நேரம். சாயங்கால பேட்ச்ல பதினெட்டு பிள்ளைங்களோட உக்கார வேண்டிய பொண்ணு, காலைல பதினோரு மணிக்கு மூணு பேரோட உக்காந்து பாட்டு கத்துக்கலாம். கேட்டாத்தான் கிடைக்கும், அவங்களா சொல்ல மாட்டாங்க. அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்ல "காலை நேரத்துல பாட்டு சொல்லிக் கொடுக்க யாராவது இருக்கீங்களா"ன்னு ஒரு வரி போடுங்க, கோயில் நோட்டீஸ் போர்டு பாருங்க, ஜெராக்ஸ் கடை செவுத்துல ஒட்டியிருக்கறதைப் படிங்க. "ஸ்கூல் போகலயா"ன்னு ஒரு கேள்வி கட்டாயம் வரும், "வீட்ல படிக்கறாங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுங்க, அங்க நின்னு கல்விக் கொள்கை விளக்கினா டீச்சரே பயந்துடுவாங்க. ஃபீஸ் மாசா மாசம் தான், வருஷத்துக்கு மொத்தமா கட்டாதீங்க, ஒரு டெமோ கிளாஸ் பிள்ளை உக்காந்து பார்க்கட்டும்.

உங்க ஏரியாவுக்குன்னே ஒரு விசேஷம் இருக்கு, அது உங்களுக்கே தோணியிருக்காது. பக்கத்துலயே தூரவாணி நகர். 1948ல ஆரம்பிச்ச ஐடிஐ டெலிபோன் கம்பெனி இருக்கற இடம். இந்தப் பக்கம் பையப்பனஹள்ளில மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் செஞ்ச என்ஜிஇஎஃப் இருந்துச்சு, அந்தப் பக்கம் விமானம் செய்யற எச்ஏஎல். இந்தக் கம்பெனிகள்ல வாழ்க்கை முழுக்க வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, அதுல நம்ம ஆளுங்களும் நிறைய. சால்டரிங் அயர்ன் பிடிக்க, மோட்டார் பிரிச்சு மாட்ட, மைக்ரோமீட்டர்ல அளக்க இவங்கள விட நல்லா சொல்லிக் கொடுக்க எந்த ரோபாட்டிக்ஸ் கிளாஸும் கிடையாது (ரோபாட்டிக்ஸ் கிளாஸ்னு பிளாஸ்டிக் கிட்டை மாட்டி மாட்டி கழட்ட வைக்கறதுக்கு கேக்கற காசைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது). அவங்க வாக்கிங் போற பார்க்ல நாலு நாள் பேச்சுக் கொடுங்க. வாரத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம்னு கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா ஒத்துப்பாங்க. சொல்லிக் கொடுக்கற நேரம் முழுக்க நீங்களும் கூட இருங்க, யாரா இருந்தாலும் இது கட்டாயம்.

அடுத்து ஃப்ரெண்ட்ஸ் விஷயம். ஸ்வசிக்ஷன்னு ஹோம்ஸ்கூலிங் பண்றவங்களோட இந்திய அளவுல ஒரு கூட்டமைப்பு இருக்கு, அது வழியா பெங்களூர் குடும்பங்களைப் பிடிக்கலாம். வாட்ஸாப் குரூப்ல சேர்ந்ததும் ஒரு ஆச்சரியம் காத்திருக்கும், பாடத்திட்டமே வேண்டாங்கறவங்களுக்கும் டைம்டேபிள் போட்டு நடத்தறவங்களுக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு சண்டை நடக்கும். அதுல போய் மாட்டாதீங்க. உங்களுக்கு வேண்டியது இருநூறு பேர் குரூப் இல்ல, கே.ஆர்.புரம், இந்திரா நகர், பானஸ்வாடி இந்தச் சுத்துல ரெண்டே ரெண்டு குடும்பம், உங்க பிள்ளைங்க வயசை ஒட்டின பிள்ளைங்களோட. வாரத்துல ஒரு நாள் நிச்சயமா சந்திக்கணும், மழையோ வெயிலோ. அந்த மூணு வீடு சேர்ந்துட்டா மேல சொன்ன காலை பேட்ச்சும் தானா அமைஞ்சுடும், டீச்சருக்கும் நாலஞ்சு பிள்ளைங்க வந்தா தான் கட்டுப்படியாகும்.

இடங்கள் பத்தி. பெங்களூர்ல எது நல்ல இடம்னு பார்க்கறதுக்கு முன்னாடி எது போய்ட்டு வரக்கூடிய இடம்னு பாருங்க, டின் ஃபேக்டரி ஜங்ஷன் தாண்டறதுக்குள்ள பையன் தூங்கிடுவான்னு உங்களுக்கே தெரியும். அதனால மெட்ரோ பர்ப்பிள் லைனை உங்க ஸ்கூல் பஸ்ஸா வச்சுக்கோங்க. பென்னிகானஹள்ளில ஏறினா ஹலசூரு, எம்ஜி ரோடு, கப்பன் பார்க் எல்லாம் நேர் வண்டி. கப்பன் பார்க்ல இறங்கினா கஸ்தூரிபா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியம், 1962ல நேரு திறந்து வச்சது, கீழ எஞ்சின் ஹால்ல பட்டன் அமுக்கி ஓட விட்டுப் பார்க்கறதுலயே ஆறு வயசுக்காரனுக்கு அரை நாள் ஓடிடும். ஒரே நாள்ல எல்லா மாடியும் காட்டணும்னு இழுத்துட்டு அலையாதீங்க, ஒரு தடவைக்கு ஒரு ஹால் போதும், உங்களுக்குத் தான் லீவு நாள் கணக்கு இல்லையே. பார்க்குக்குள்ளயே சிவப்புக் கட்டடத்துல ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி இருக்கு, குழந்தைங்களுக்குன்னு இந்திரா பிரியதர்ஷினி லைப்ரரி தனியா இருக்கு, ஜவஹர் பால் பவனும் அங்கயே. சனிக்கிழமை காலைல புல்லுல பாய் விரிச்சு சத்தமில்லாம புத்தகம் படிக்கற கப்பன் ரீட்ஸ் கூட்டத்தையும் உங்க பொண்ணு பார்க்கட்டும், பெரியவங்க யாரும் சொல்லாம தானா படிக்கறதைப் பார்க்கறதே ஒரு பாடம் தான்.

நேரு பிளானட்டோரியம் அங்க இருந்து ஆட்டோ தூரம், திங்கட்கிழமை லீவு. அதை நடத்தற பேஸ் (பெங்களூர் அறிவியல் கல்விச் சங்கம்) ஸ்டூடண்ட்ஸுக்கு சயின்ஸ் வகுப்பு, சம்மர் புரோகிராம் எல்லாம் வச்சுட்டு இருக்காங்க. வயசு வரம்பு உண்டு, பொண்ணுக்கு இன்னும் சில வருஷம் ஆகட்டும், ஆனா பேரை இப்பவே குறிச்சு வைங்க. அதே இடத்துல காப்பி வித் க்யூரியாசிட்டின்னு விஞ்ஞானிகள் பேசற பொதுக்கூட்டமும் நடக்கும், ஐசிடிஎஸ்ங்கற (ICTS) இயற்பியல், கணித ஆராய்ச்சி மையம் நடத்தறது, அது பெரிய பிள்ளைங்களுக்கும் உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும். ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் கழகத்துல, வருஷத்துல ஒரு நாள் ஓப்பன் டேன்னு கேட்டைத் திறந்து விடுவாங்க, கூட்டம் திருவிழா மாதிரி இருக்கும், காலைல முதல் ஆளா போங்க, மதியத்துக்கு மேல தலை தான் தெரியும். ஜேபி நகர்ல இருக்கற ரங்க சங்கரா நாடக அரங்குல குழந்தைங்களுக்கான நாடகம் ரொம்ப நல்லா இருக்கும், உங்க ஏரியால இருந்து சில்க் போர்டு வழியா போய் வர்றது ஒரு நாள் பொழப்பு, அதனால எப்பவாவது.

லால்பாக்கை பூ பார்க்கற இடமா மட்டும் நினைக்காதீங்க. உள்ள இருக்கற அந்தப் பாறை சுமார் 300 கோடி வருஷம் பழசு, தேசிய புவியியல் சின்னம்னு ஜியாலஜிக்கல் சர்வே பலகையே வச்சிருக்காங்க, அது மேல ஏறி நின்னு பையன் குதிக்கறதுக்கும் காசு கேக்க மாட்டாங்க. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு காலைல பறவை பார்க்கறவங்க அங்க கூடற பழக்கம் பல வருஷமா இருக்கு, யாரு வேணா போய் சேந்துக்கலாம். இதெல்லாம் கிளாஸ் இல்லயேன்னு கேப்பீங்க. கிளாஸ் தான்.

வாரத்துக்கு இப்படி ரெண்டு நாள் வெளிய போதும், அதுக்கு மேல போட்டா நீங்க டிரைவர் ஆயிடுவீங்க, அம்மாவா இருக்க முடியாது.

தமிழ் பத்தி கேட்டிருந்தீங்க. அல்சூர் (ஹலசூருன்னும் சொல்வாங்க) ஏரிக்கரைல பெங்களூர் தமிழ்ச் சங்கம், 1950ல இருந்து இருக்கு, லைப்ரரி இருக்கு, தமிழ் வகுப்பும் நடத்தறாங்க, ஹலசூரு மெட்ரோல இறங்கி ஆட்டோ பிடிச்சா கிட்டக்க தான். போற வழில 2009ல திறந்த வள்ளுவர் சிலையையும் காட்டுங்க, பதினெட்டு வருஷம் துணி சுத்தி மூடியே வச்சிருந்த கதையைச் சொன்னா பிள்ளைங்களுக்கு சரித்திரமும் அரசியலும் சேர்ந்தே புரியும். வீட்ல படிக்க தமிழ்நாடு பாடநூல் ஒண்ணாம் வகுப்பு பிடிஎஃப் இலவசமா கிடைக்குது, தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படைல இருந்து படிப்படியா சான்றிதழ் வரைக்கும் வச்சிருக்கு. நம்ம ஊர் பிரதம் புக்ஸ் நடத்தற ஸ்டோரிவீவர்ல தமிழ்க் கதைகள் லெவல் பிரிச்சு ஃப்ரீயா இருக்கு, முதல் லெவல்ல ஒரு பக்கத்துக்கு ஒரு வரி தான், பையனுக்கு அதுல ஆரம்பிங்க. பொண்ணு படிக்கப் பழகினதும் துளிர் மாத இதழ், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போடறது. குப்பைல இருந்து பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்ற அரவிந்த் குப்தாவோட வீடியோ தமிழ்லயும் இருக்கு, ஃப்ரீ தான்.

இப்ப உங்க மாமனார். கணக்கு வாத்தியாரை வீட்டுலயே வச்சுக்கிட்டு டியூஷன் தேடறீங்களே தாயி! தினம் போன் பண்றவர் கிட்ட அந்த போனை வீடியோ காலா மாத்தச் சொல்லி, பொண்ணுக்கு அரை மணி நேரம் கணக்கு எடுக்கச் சொல்லுங்க. "மாமா, வகுத்தல் எனக்கு சொல்லிக் கொடுக்க வரல"ன்னு கேட்டுப் பாருங்க, போலீஸ் பேச்சு பாதி குறைஞ்சிடும்.

கன்னடத்தை விட்டுறாதீங்க. இதுக்கு கிளாஸ் தேட வேண்டாம், பார்க்ல விளையாடற பசங்க போதும், எழுத்துக்கு மட்டும் யாராவது அக்கம்பக்கத்து ஆன்ட்டி.

சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு, ஆறுல இருந்து பதினாலு வயசு வரைக்கும். பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கறது பெத்தவங்க கடமைன்னு அதோட பத்தாவது பிரிவு சொல்லுது, ஆனா சேர்க்காத பெத்தவங்களுக்கு இன்ன தண்டனைன்னு அதுல எதுவும் கிடையாது. வீட்ல படிக்கறதை சட்டம் வெளிப்படையா அனுமதிக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. பயந்து சாக வேண்டியதும் இல்ல, ஊரைக் கூட்டி சொல்ல வேண்டியதும் இல்ல. அதே சட்டத்துல நாலாவது பிரிவு இருக்கு, இடைல நின்ன பிள்ளை திரும்ப வந்தா வயசுக்கேத்த வகுப்புல சேர்த்துக்கணும். நாளைக்கே மனசு மாறினா பொண்ணை ஒண்ணாம் கிளாஸ்ல உக்கார வைக்க மாட்டாங்கன்னு மாமனார் கிட்ட சொல்லுங்க.

பத்தாவதுக்கு என்ஐஓஎஸ், தேசிய திறந்தநிலைப் பள்ளி, 1989ல ஆரம்பிச்சது. பதினாலு வயசு முடிஞ்சா பத்தாவது எழுதலாம், அஞ்சு சப்ஜெக்ட், அதுல ஒரு மொழி கட்டாயம், அந்த மொழி தமிழாவும் இருக்கலாம். ஏப்ரல் மே ஒரு தடவை, அக்டோபர் நவம்பர் ஒரு தடவை பரீட்சை, எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, பதிவு பண்ணினா அஞ்சு வருஷம் செல்லும். டிஎம்ஏன்னு அசைன்மெண்ட் இருக்கு, அதை லேசா விட்டுறாதீங்க, மார்க் அதுலயும் இருக்கு. நீட் எழுத முடியாதுன்னு யாராவது சொன்னா அது பழைய கதை, ஓப்பன் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இருந்த தடையை 2018லயே டெல்லி ஹைகோர்ட் எடுத்துட்டாங்க.

இதுல பெங்களூர்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, நிறைய பேர் பன்னெண்டாவதுல தான் முழிச்சுக்கறாங்க. இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளுக்கான கர்நாடகா நுழைவுத் தேர்வு சிஇடில கவர்ன்மெண்ட் சீட்டுக்கு, ஏழு வருஷம் இந்த மாநிலத்துல அங்கீகாரம் உள்ள ஸ்கூல்ல படிச்சிருக்கணும்ங்கற பிரிவுல தான் வெளி மாநிலத்துல இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைங்க பெரும்பாலும் தகுதி வாங்கறாங்க. வேற பிரிவுகளும் இருக்கு, ஆனா சேலத்துல இருந்து வந்த உங்களுக்கு எது பொருந்தும்னு அந்தத் தேர்வை நடத்தற கேஈஏ (கர்நாடகா தேர்வு ஆணையம்) வெளியிடற தகுதி விதிகளை இப்பவே உக்காந்து படிச்சிருங்க. பொண்ணு படிச்ச ஸ்கூல்ல எத்தனை வருஷம் படிச்சான்னு ஸ்டடி சர்டிஃபிகேட் வாங்கலன்னா இந்த வாரமே போய் வாங்கிடுங்க, டிசி மட்டும் வச்சுக்கிட்டு வந்துருப்பீங்கன்னு தோணுது, பையனுக்கும் யூகேஜிக்கு மேல ஏதாவது வகுப்பு படிச்சிருந்தா அதுக்கும் சேர்த்து.