கிரகண நேரத்தில் கர்ப்பிணி சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது. முதல் குழந்தை, இப்போது 26 வாரம். போன மாதம் சர்க்கரை இருப்பது தெரிந்து, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. அடுத்த வாரம் சூரிய கிரகணம் வருகிறது. சில மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, முடியும்வரை மல்லாந்து அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்கிறார் மாமியார். போன வாரம் சந்திர கிரகணம் என்று தெரியாமல் கத்தரிக்கோலால் துணி வெட்டிவிட்டேன். குழந்தைக்கு உதடு பிளந்துவிடுமோ என்று அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: முதலில் அந்தக் கத்தரிக்கோல் விஷயத்தை முடித்துவிடுவோம். நீங்கள் தூங்க வேண்டும்.

குழந்தையின் முகம் ஒரே துண்டாக உருவாவதில்லை. பக்கவாட்டிலிருந்து வளர்ந்து வரும் திசுக்கள் நடுப்பகுதியோடு வந்து ஒட்டித்தான் மேலுதடு உண்டாகிறது. அந்த ஒட்டல் எங்காவது நின்றுபோனால் உதட்டுப் பிளவு. இது நடப்பது இரண்டாவது மாதவாக்கில், பல பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாகி அதிக நாள்கூட ஆகியிருக்காது. அண்ணமும் (வாயின் மேற்கூரை) மூன்றாவது மாதம் முடிவதற்குள் மூடிக்கொள்கிறது. நீங்கள் துணி வெட்டிய அன்று உங்களுக்கு 25 வாரம். எப்போதோ ஒட்டி முடிந்துவிட்ட உதடு அது. வெளியே நீங்கள் எதை வெட்டினாலும் உள்ளே அது பிரியாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் உதட்டையும் பார்ப்பது வழக்கம். அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அல்லது அடுத்த செக்கப்பில் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

சரி, முதல் மூன்று மாதத்துக்குள் கிரகணம் வந்தால் ஆபத்துதானா என்று அடுத்த கேள்வி எழும். அதற்கும் இல்லை என்பதுதான் பதில். உலகம் முழுக்கப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 700-க்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. தாய் புகைபிடிப்பது, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்பாடில்லாமல் இருக்கும் சர்க்கரை (உங்களைப் போல நடுவில் தெரியவருவது வேறு கணக்கு), ஆரம்ப வாரங்களில் எடுக்கும் சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பல குடும்பங்களில் ‘இதனால்தான்’ என்று ஒரு காரணத்தைக் கை காட்டவே முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் கிரகணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், மாமியாரிடமும் சொல்லிப் பாருங்கள். பூமியில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கிரகணங்கள் நடக்கின்றன. சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவை சேர்ந்தாற்போல வரும். சந்திர கிரகணம் முடிந்த இரண்டு வாரத்தில் உங்களுக்குச் சூரிய கிரகணம் வருவதும் அப்படித்தான். ஒரு கர்ப்பமோ ஒன்பது மாதம். ஆக, கிரகணத்தைத் தாண்டாமல் பிறந்தவர் என்று உலகத்தில் யாருமே கிடையாது. நம் ஊர் வானத்தில் தெரியாமல் போயிருக்கலாம், அவ்வளவுதான். மெக்சிகோவிலும் இதே உதட்டுப் பிளவு பயம் உண்டு. அங்கே கர்ப்பிணியைக் காப்பாற்ற இடுப்புத் துணியில் இரும்பு ஊக்கு குத்திவிடுவார்கள். இங்கே இரும்பைத் தொட்டாலே ஆகாது என்கிறோம்!

இந்த நம்பிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையின் தாயை ஒருமுறை பார்க்க வேண்டும். பிரசவ வார்டில் நான் பல முறை பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு எப்படிப் பால் கொடுப்பது என்று யாராவது சொல்லித் தர மாட்டார்களா என்று அவள் தவித்துக்கொண்டிருப்பாள். கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள், ‘கிரகணத்தன்று என்ன நறுக்கினாய், யோசித்துச் சொல்’ என்று விசாரணை நடத்துவார்கள். அவளும் யோசிப்பாள். ஒன்பது மாதத்தில் ஏதாவது ஒரு நாள் ஏதாவது நறுக்கியிருக்கத்தானே செய்வாள். உதட்டுப் பிளவைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும், அண்ணப் பிளவை ஒரு வயது, ஒன்றரை வயதுவாக்கிலும் அறுவை சிகிச்சையில் சரிசெய்கிறார்கள். அந்தத் தாய் மேல் விழுந்த பழிக்குத்தான் சிகிச்சை கிடையாது.

கதிர்கள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சூரிய கிரகணம் என்றால் நிலா சூரியனை மறைக்கிறது. சந்திர கிரகணம் என்றால் பூமியின் நிழல் நிலா மேல் விழுகிறது. இரண்டிலும் நடப்பது வெளிச்சம் குறைவதுதான், புதிதாக எந்தக் கதிரும் கிளம்புவதில்லை. ஆபத்து கண்ணுக்குத்தான், அதுவும் சூரிய கிரகணத்தில். வெளிச்சம் மங்கியிருப்பதால் கூசாது, அதனால் வெறித்துப் பார்த்துவிடுவோம். விழித்திரை சுட்டுப்போகும்போது வலிக்கவும் செய்யாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் போதாது. தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். இது கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் உள்ள விதி. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணாலேயே தாராளமாகப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் உடம்புக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது கிரகணம் அல்ல, அந்தப் பட்டினிதான். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும்: கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, மயக்கம் வரை போகலாம். சாப்பாடு இல்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்தினால் ஏறிவிடும். இரண்டும் வேண்டாம். வழக்கமான நேரத்தில் இன்சுலின், வழக்கமான நேரத்தில் சாப்பாடு. நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தைராய்டு மாத்திரையும் அதன் நேரத்தில்.

தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் தலைசுற்றும், வயிறு விட்டுவிட்டு இறுகும். சிறுநீரை அடக்கி வைக்கவும் வேண்டாம், கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும். மல்லாந்து அசையாமல் படுப்பது இன்னும் மோசம். இந்த மாதத்தில் கர்ப்பப்பையின் கனம் பின்னால் இருக்கும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். சிலருக்கு அதனாலேயே கண் இருட்டும். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மையும் கூடுதல் என்பதால், மணிக்கணக்கில் காலை அசைக்காமல் இருப்பது நல்லதல்ல. ஒருக்களித்துப் படுங்கள், நடுவில் எழுந்து நடங்கள்.

இதற்காக வீட்டில் பெரிய சண்டை வேண்டாம். வெளியே போகாதே, கத்தியைத் தொடாதே, முடிந்ததும் குளி என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். அதில் நஷ்டம் எதுவும் இல்லை. அன்று ஒரு நாள் வேறு யாராவது நறுக்கட்டும், நல்லதுதானே. சாப்பாடு, தண்ணீர், மருந்து, அசைவு இந்த நான்கில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமியார் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதை மருத்துவர் ஒரு முறை சொன்னால் போதும், பல வீடுகளில் அதுதான் நடக்கிறது.

அப்புறம் ஒன்று, இதைக் கணவரிடம் இன்றே சொல்லி வையுங்கள். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் உடைவது, விடாத தலைவலி, பார்வை மங்குவது, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது, இவற்றில் எது வந்தாலும் கிரகணம் விடட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிரசவ வார்டு கிரகணத்தன்றும் திறந்துதான் இருக்கும்.