புதிய வீட்டுக்கு வந்திருக்கிறேன்: தோட்டம், தையல், உடுப்பு இவற்றில் எதை முதலில் தொடங்குவது?

கேள்வி கேட்ட தங்கைக்குத் திருகோணமலையில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறதாம். முற்றம் வெறும் மணல். தையல் மெசின் இன்னும் பெட்டிக்குள். கொண்டுவந்த உடுப்பில் பாதி இந்த வெக்கைக்கு உடம்பில் ஒட்டுகிறது. எதை முதலில் தொடுவது, என் தையல் மெசின் எது என்று கேட்கிறார்.

எதையும் தொடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். குறிப்பாக மண்வெட்டியை. ஜன்னல் திரையை மட்டும் தைக்கலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் 2022 ஜனவரிக் கடைசியில் மலைநாட்டு ஹட்டனிலிருந்து வந்தோம். கணவருக்கு இடமாற்றம். டச்சு வளைகுடாவுக்குப் பின்னால், ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு. லொறியில் என்னோடு வந்தவை ஐந்து ரோசாக் கன்றுகள், கனத்த ஜன்னல் திரைகள், ஆறு கம்பளிச் சட்டைகள். கம்பளிச் சட்டையை ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள். ஹட்டனில் பிறந்தவளுக்குக் கம்பளிச் சட்டையை விட்டுவிட்டு வருவது செருப்பை விட்டுவிட்டு வருவது போல.

வந்த நேரம் வடகீழ்ப் பருவமழை முடிந்த ஈரம். வேலியோரமெல்லாம் பச்சை, ஒழுங்கை முழுவதும் புல். அந்தப் பச்சையை நம்பித்தான் ஏமாந்தேன். மார்ச் மாதமே கத்தரி, தக்காளி, போஞ்சி என்று நட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, இதெல்லாம் இப்போது வேண்டாம். கச்சான் வந்து போகட்டும், பிறகு பார்ப்போம்" என்றார். எனக்குக் கச்சான் என்றால் தாள் சுருளில் போட்டு விற்கிற நிலக்கடலை. கடலைக்காரர் வந்து போவதற்கும் என் கத்தரிக் கன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

மே மாதக் கடைசியில் அது வந்தது. கச்சான் என்பது காற்று. பகல் பதினொரு மணிக்கு மேல், நெல் அவிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். கதவுகள் தாமாக அடித்துக்கொள்ளும், சோற்றுக் கோப்பையில் மணல் இருக்கும். ஒரே வாரத்தில் தக்காளி இலையெல்லாம் வறுத்த பப்படம் போலச் சுருண்டுவிட்டது. ரோசாவில் ஐந்தும் போயின. கொடியில் போட்ட சட்டை இருபது நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னால், அங்கே நான்கு நாளாக ஒரு துணியும் காயவில்லை, மழை விடவேயில்லை என்கிறார்.

இரண்டும் ஒரே காற்று என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தென்மேல் பருவக்காற்று மலையில் ஏறும்போது தன்னிடமிருந்த ஈரத்தையெல்லாம் ஹட்டன் பக்கத்தில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்க இறங்கக் காய்ந்து, சூடேறி, கிழக்குக் கரைக்கு வெறும் வெக்கையாக வந்து சேருகிறது. என் தோட்டத்தை எரித்தது என் சொந்த ஊரைத் தாண்டி வந்த காற்று. இதைச் சொன்னபோது மாமி, "அப்படியென்றால் உன் சொந்தக்காரர்தானே, நீயே பேசிக்கொள்" என்றார்.

அந்த ஆண்டு ஜூனில்தான் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வரும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். கணவர் மிகுந்த உற்சாகத்தோடு வெள்ளிக்கிழமைதோறும் கொத்தினார். மலைநாட்டுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். கச்சான் அடிக்கிற மாதத்தில் திருகோணமலை மணலைக் கொத்துவது, வெயிலில் நின்று வெயிலைத் திட்டுவதற்குச் சமம்.

ஆனால் அந்தக் குழிகள் வீணாகவில்லை. மாமி சொன்னபடி இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுகளைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கினோம். மணலில் ஊற்றுகிற தண்ணீர் நேரே கீழே ஓடிவிடும். பொச்சு அதைக் கடற்பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் மேல் மாட்டெரு, சீமைக்கிளுவை இலை, பிறகு மேல்மண். ஒக்டோபரில் முதல் இரண்டு மழை விழும்வரை குழியை அப்படியே விட்டு, அதற்குப் பிறகு விதைத்தோம். வெண்டி, பயற்றை, கத்தரி, மிளகாய். டிசம்பரில் வெண்டிக்காயை ஒழுங்கை முழுவதற்கும் கொடுத்தோம். கச்சான் காலத்துக்கென்றால் முருங்கை, அகத்தி, பசளி, நித்தியகல்யாணி போதும், மற்றதற்கு ஆசைப்படாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் இலையில் தெளிக்க வேண்டாம். தண்ணீர் ஆவியாகி உப்பு இலையில் தங்கிக் கருக்கிவிடும். வேரடியில், மாலையில் ஊற்றுங்கள்.

இனி மான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் படம் எடுப்பார்கள். நானும் எடுத்தேன். நவம்பரில் ஒருநாள் விடியப்புறம் இரண்டரை மணிக்கு முற்றத்தில் யாரோ அப்பளம் கடிப்பது போலச் சத்தம். விளக்கைப் போட்டால் மூன்று மான்கள். கிளைக்கொம்புக்காரர் என் பயற்றங்கொடியை நுனியிலிருந்து உருவி, நிதானமாக, என்னைப் பார்த்தபடியே மென்றுகொண்டிருந்தார். நான் கையைத் தட்டினேன். காது மட்டும் அசைந்தது. செவ்வரத்தையின் கொழுந்தையும் முடித்துவிட்டுத்தான் போனார்கள். கறிவேப்பிலையையும் கற்பூரவள்ளியையும் முகர்ந்துவிட்டு விட்டுவிட்டார்கள், அந்த அளவுக்கு நாகரிகம்.

கம்பி வேலிக்குக் காசில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற ராத்தாதான் வழி சொன்னார்: பழைய சாறி. வயற்காரர்கள் பன்றிக்கும் மயிலுக்கும் கட்டுவார்களே, அதுதான். அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மான் எளிதில் தாண்டாது. பருத்திச் சாறி கட்டினால் ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும். நைலோன் சாறிதான் நிற்கும். உடம்புக்குப் பருத்தி, வேலிக்கு நைலோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தையல் பழகாதவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை கிடையாது. நேர்த்தையல், ஆறு ஆறு மீற்றராக, கோணினாலும் மானுக்குத் தெரியாது.

என் முதல் வேலி அடுத்த கச்சானில் தையலோடு பிரிந்துபோனது. துணி கிழியவில்லை, மூட்டுகள்தான் விட்டன. ராத்தா வீட்டிலிருந்து அபாயா தைத்துக் கொடுப்பவர். என் மூட்டைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது காகிதம் ஒட்டியது போல இருக்கிறது" என்றார். பிறகு காட்டினார். இரண்டு துணியையும் ஒரு தையல் போட்டு இணைக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு ஓரங்களில் ஒன்றைப் பாதியாக வெட்டி, அகலமானதை அதன் மேல் மடித்து மூடி, படிய வைத்து இரண்டாம் தையல். ஆண்களின் சட்டையில் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அதே தையல் இருக்கும். நைலோன் நான்கு மடிப்பு வருவதால் 16 ஆம் இலக்க ஊசி. சாதாரணப் பருத்திக்கு 14, மெல்லிய வொயில் துணிக்கு 11. வேலியின் கீழே ஒரு சாண் இடம் விட்டால் காற்று முழு வேகத்தில் மோதாது.

மெசின் எது என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது காலால் மிதிக்கிற பழைய மெசின், இங்கே வந்த பிறகு வாங்கியது. 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்கள்; மின்சார மெசின் வைத்திருந்தவர்கள் துணியை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். நான் ஜன்னலோரம் வெளிச்சத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன். எந்த மெசினாக இருந்தாலும் கடற்கரை ஊரில் துருதான் எதிரி. மெசின் எண்ணெய் வாரம் ஒருமுறை. தேங்காயெண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், நான் விட்டேன். சில வாரத்தில் அது பிசினாகி, சக்கரம் கையால் தள்ளினாலும் சுற்றவில்லை. ஊசிகளை மெசின் எண்ணெய் தொட்ட துணித்துண்டில் குத்தி, இறுக மூடுகிற டப்பாவில் வையுங்கள்.

முதலில் திரை தையுங்கள் என்றேன். கனத்த திரை குளிரூருக்கு உரியது, இங்கே அது காற்றைத் தடுத்து வீட்டைச் சூளையாக்கும். மெல்லிய பருத்தி அல்லது வொயில் வாங்குங்கள். ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு: நான்கடி ஜன்னலென்றால் எட்டடி, அதாவது இரண்டரை மீற்றர். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். நான் பொறுமையில்லாமல் நேரே வெட்டியதால், வாசல் கதவுக்குத் தைத்த ஏழடித் திரை முதல் சலவையிலேயே மூன்று அங்குலம் ஏறி, அரைக்காற்சட்டை போட்டது போல நின்றது. கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டி வைத்துச் சமாளித்தேன். வருகிறவர்கள் அதை அழகு என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய உடுப்பை உடனே தூக்கி எறியாமல், எது இந்த வெக்கையில் மூன்று மணிக்கும் உடம்பில் ஒட்டாமல் இருக்கிறதோ அதை அளவாக வைத்துக்கொண்டு அதே போல் தையுங்கள். எனக்கு அது அக்குளில் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் இறக்கி வெட்டிய, தளர்வான பருத்தி குர்த்தா. இரண்டு பக்கமும் பை. காயப்போடும்போது உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடாவிட்டால் ஒரு வெயிலில் சிவப்பு ரோசா நிறமாகிவிடும்.

ஆனால் கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில் அடிக்கும் காற்றுக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றால், ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையால் சால்வையைப் பிடிப்பதா குர்த்தாவைப் பிடிப்பதா என்று தெரியாது. குர்த்தாவின் ஓர மடிப்புக்குள் இரண்டு ரூபாய்க் குற்றி வைத்துத் தைத்தேன். அருமையாக இருந்தது, மூன்று சலவைக்கு. பிறகு வெள்ளைத் துணியில் வட்டமாகத் துருக்கறை. ஒழுங்கை முனையில் வலை பொத்துகிற அண்ணன் பார்த்துவிட்டு, வலையின் அடியில் கோக்கிற ஈயக்குண்டு நான்கைக் கையில் தந்தார். துருப்பிடிக்காது, தட்டையாகத் தட்டினால் வெளியே தெரியாது. துணித்துண்டில் சுற்றித் தைத்தேன். இன்றுவரை குர்த்தா எழும்பவில்லை. ஈயம் நஞ்சு, ஆகவே தைத்த பிறகு கையைக் கழுவுங்கள், வாயில் எதையும் வைக்கிற வயதுப் பிள்ளைகளின் உடுப்பில் வைக்கவே வேண்டாம்.

முற்றத்தில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, மத்தியானம் எந்தக் கதவு தானாக அடிக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பக்கத்து வீடுகளில் பழைய நைலோன் சாறி கேட்க வெட்கப்படாதீர்கள். எனக்கு மாமி ஏழு தந்தார், ஒன்றில் அவருடைய கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக் கறை இன்னும் இருந்தது. முற்றத்தின் நீள அகலத்தை இங்கே எழுதினால், எத்தனை சாறி வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.