கேக்கும் அதன் மேல் வைக்கும் பூவும்: கேள்வி பதில்

தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே 14 வருடமாக கேக் செய்து கொடுக்கிறேன். காய்ந்ததும் இறுகும் சர்க்கரை மாவான கம் பேஸ்டில் பூ செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதினேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருச்சி: அக்கா, ஓவனில் இருக்கும்போது கேக் அழகாக எழும்புகிறது. வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடுகிறது. ஏன்?

முதலில், மைதாவை எப்படி அளக்கிறீர்கள்? கப்பிலா? ஒரு கப் மைதாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டால் 120 கிராம் வரும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராமைத் தாண்டிவிடும். அதனால் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். இன்றைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதில் இது ஒன்று.

குழிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான். ஒன்று, பேக்கிங் பவுடர் அதிகம். 125 கிராம் மைதாவுக்கு மட்டமாக ஒரு டீஸ்பூன் போதும். கூடுதலாகப் போட்டால் கேக் அவசரமாக எழும்பும். உள்ளே மாவு வெந்து இறுகுவதற்குள் காற்று போய்விடும், கேக்கும் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, முதல் 25 நிமிடத்துக்குள் கதவைத் திறந்து பார்ப்பது. மூன்றாவது, ஓவனின் சூடு. ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனின் முள் 180 என்று காட்டும், உள்ளே 160 இருக்கும். ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். எனக்கு முதல் வருடம் முழுக்கக் கேக் சரியாக வராததற்குக் காரணம் இந்த 20 டிகிரிதான் என்று அது வந்த பிறகுதான் தெரிந்தது.

சென்னை: மே மாதம் மொட்டைமாடியில் பிறந்தநாள். விப்பிங் கிரீம் நிற்குமா?

நிற்காது. வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் உருகத் தொடங்கும், அதனால் பட்டர்கிரீமும் நிற்காது. தாவரக் கொழுப்பில் செய்த நான் டெய்ரி கிரீம் கொஞ்சம் தாங்கும். உறைந்து வரும் அதையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் உருக விட வேண்டும். உள்ளே லேசாக ஐஸ் துகள் இருக்கும்போதே, குளிர்ந்த பாத்திரத்தில் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் மொட்டைமாடியில் அரை மணி நேரத்துக்கு மேல் நம்ப மாட்டேன்.

நான் செய்வது கனாஷ். டார்க் சாக்லேட் 2 பங்கு, கிரீம் 1 பங்கு. வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1. கடையில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள அட்டைப்பெட்டி கிரீம் இதற்குப் போதும். (அந்தக் கிரீமை அடித்தால் ஏன் நுரைத்து நிற்கவில்லை என்று நிறைய பேர் கேட்கிறார்கள். அடித்து நிற்க 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு வேண்டும்.) ஓர் இரவு வெளியே வைத்து, வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்கு வந்ததும் பூசுங்கள். கேக்கை வெட்டும் நேரத்தை மட்டும் சூரியன் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டி: முட்டை இல்லாத ஸ்பாஞ்ச், அளவோடு சொல்லுங்கள்.

மைதா 190 கிராம், பொடித்த சர்க்கரை 150, கெட்டித் தயிர் 240, வாசனை இல்லாத எண்ணெய் 110, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா. முதலில் தயிரையும் சர்க்கரையையும் கரைத்து, பவுடரும் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள், பொங்கி வரும். பிறகு எண்ணெய், வெனிலா. சலித்த மைதாவைக் கடைசியில் இரண்டு தடவையாகச் சேர்த்து, கட்டி மறைந்ததும் கையை நிறுத்திவிடுங்கள். 7 அங்குலத் தட்டு, 180 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். கலந்த மாவைக் காக்க வைக்காதீர்கள், ஓவன் அதற்கு முன்பே சூடாகியிருக்க வேண்டும்.

விருதுநகர்: தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் வருமா?

முட்டை வெள்ளை, சர்க்கரை, முந்திரி, இவ்வளவுதான் பொருள். கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் காய விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரே தலைமுறைகளாகச் செய்யும் பண்டம் அது. உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, அங்குள்ள பேக்கரிக்காரர் ஒருவரிடமே கேளுங்கள்.

திண்டுக்கல்: அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு நானே கேக் செய்கிறேன். எங்கள் தோட்டத்தில் செங்காந்தள் பூத்திருக்கிறது. சிவப்பும் மஞ்சளுமாக நெருப்பு மாதிரி இருக்கும். அதைக் கேக்கின் மேல் வைக்கலாம் என்று ஆசை. பூ வாடாமல் இருக்க என்ன செய்வது?

அம்மா, தயவு செய்து வைக்காதீர்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர், அதன் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் அதைக் கண்வலிக்கிழங்கு என்றுதானே சொல்வார்கள்? கிழங்கு, விதை, தண்டு, இலை, பூ எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். காம்பை வெட்டிக் கிரீமில் குத்தினால், வெட்டிய இடத்திலிருந்து சாறு கிரீமுக்குள் இறங்கும். மகரந்தம் கேக் மேல் உதிரும். நிச்சயதார்த்த வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். பூவோடு சேர்த்து ஒரு விரல் கிரீமை வழித்து வாயில் வைக்கும் குழந்தையை நீங்கள் பார்த்ததில்லையா?

அப்படியே அரளி, பொன்னரளி, ஊமத்தை, நித்தியகல்யாணி இவையும் கேக் பக்கமே வரக்கூடாது. அரளியின் நஞ்சு இதயத் துடிப்பையே குலைப்பது. யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் கைவைத்தியம் வேண்டாம், அந்தச் செடியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மதுரை: நாங்கள் பூக்கட்டும் குடும்பம். செவ்வரளியைத் தினமும் கையால் தொட்டுக் கட்டுகிறோம், சாமிக்குப் போடுகிறோம். ஒன்றும் ஆனதில்லை. பூவை எடுத்துவிட்டுத்தானே கேக்கை வெட்டுகிறார்கள்? நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

தொடுவது வேறு, தின்பது வேறு. கட்டிய கையைக் கழுவிவிட்டுத்தானே சாப்பிட உட்காருவீர்கள்? கேக்கில் அந்தக் கழுவல் கிடையாது. பூ குத்தியிருந்த இடத்துக் கிரீமைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பரிமாறும் ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை. சாமி கழுத்தில் இருப்பதை யாரும் சாப்பிடுவதில்லை. கேக் மேல் இருப்பது சாப்பாட்டின் மேல் இருப்பது.

உங்கள் தொழிலைக் குறை சொல்லவில்லை. மாலை கட்டும் கை நேர்த்தியைப் பார்த்துத்தான் நான் கேக்கைச் சுற்றிப் பூச்சரம் போடவே கற்றேன்.

ஊட்டி: ஹைட்ரேஞ்சியா? வெளிநாட்டுக் கேக் படங்களில் எல்லாம் இருக்கிறதே.

அதுவும் நஞ்சுள்ள பூதான். படத்தில் இருப்பதால் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

சேலம்: கேக் நடுவில் குழிகிறது...

முதல் பதிலைப் படியுங்கள்.

கோயம்புத்தூர்: தங்கத் தூள் டப்பாவில் 'நான் டாக்சிக்' என்று போட்டிருக்கிறது. கேக் மேல் தூவலாம்தானே?

கூடாது. நான் டாக்சிக் என்றால் தவறி வாயில் பட்டால் உடனே கெடுதல் செய்யாது என்று அர்த்தம். குழந்தைகளின் கிரேயானிலும் அதே சொல்தான் இருக்கும், அதற்காகக் கிரேயானைத் தின்கிறோமா? டப்பாவில் எடிபிள் (உண்ணத்தக்கது) என்ற சொல், சேர்த்த பொருட்களின் பட்டியல், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மூன்றும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது கைவினைப் பொருள், வாழ்த்து அட்டையில் ஒட்டுங்கள்.

நிறத்துக்கும் இதுதான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயை எதற்குத் தடை செய்தார்கள்? துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் அதில் இருந்தது. எண் இல்லாத பொட்டலத்தில் வரும் ரோஸ் பவுடரை வாங்காதீர்கள்.

தங்க நிறம் பூசிய தெர்மாகோல் உருண்டைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் முன்பு நானும் ஒரு கேக்கில் அவற்றை வைத்துக் கொடுத்தேன். சாக்லேட் என்று நினைத்து மூன்று வயதுப் பையன் ஒன்றைக் கடித்துவிட்டான். தொண்டைக்குப் போவதற்குள் பாட்டி எடுத்துவிட்டார். அன்றிரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் அந்த உருண்டை கிடையாது.

திண்டுக்கல், மறுபடியும்: என் வீட்டுக்காரர் கேட்கச் சொல்கிறார். ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலி விதையை ஏக்கர் கணக்கில் விளைவித்து மருந்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். மருந்தாக இருப்பது எப்படி விஷமாகும்?

நல்ல கேள்வி, கேட்டதற்கு அவருக்கு நன்றி. மருந்தாக இருப்பதற்கும் நஞ்சாக இருப்பதற்கும் காரணம் அதே கோல்சிசின்தான். கீல்வாதத்தில் ஒன்றான கவுட்டுக்கு மருத்துவர் அதை மில்லிகிராம் அளவில், அரையும் ஒன்றுமாகக் கொடுக்கிறார். அதற்குச் சில மடங்கு போனாலே ஆபத்து. விதையிலிருந்து பிரித்து, அளந்து, மாத்திரையாக்கியது அது. பூவில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்து கேக்கில் வைப்பது?

உங்கள் ஆசையை நான் விட்டுவிடவில்லை. செங்காந்தளைக் கம் பேஸ்டில் செய்யுங்கள், நான் செய்திருக்கிறேன். 250 கிராம் ஃபாண்டண்டில் (கேக்கை மூடும் மென்மையான சர்க்கரை மாவு) அதை இறுக வைக்கும் டைலோஸ் பவுடர் ஒரு டீஸ்பூன் போட்டுப் பிசைந்து, மூடி, ஓர் இரவு விடுங்கள். ஒரு பூவுக்கு ஆறு இதழ். நீளமாக, ஒடுக்கமாக வெட்டி, ஓரத்தைப் பல் குச்சியால் உருட்டினால் அந்த நெளிவு தானாக வரும். காய்ந்த பிறகு அடியில் மஞ்சளும் நுனிக்குப் போகப் போகச் சிவப்பும் எடிபிள் தூளால் தடவுங்கள். இதழ்கள் பின்னால் வளைந்து நிற்க வேண்டும் என்பதால் ஒரு சின்ன டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் காய வையுங்கள். வெயில் காலத்தில் ஒரு நாள், ஐப்பசி மழையில் மூன்று நாள்கூட ஆகும். கம்பி வைத்தால் அதை நேராகக் கேக்கில் குத்தாமல், ஸ்ட்ராவுக்குள் விட்டு ஸ்ட்ராவைக் குத்துங்கள். எடுக்கும்போது எத்தனை குத்தினோம் என்று எண்ணி எடுங்கள்.

கம் பேஸ்ட் கைக்கு வராவிட்டால் எங்கள் ஊர் நெட்டி இருக்கிறது. குளத்தில் வளரும் செடியின் தண்டைச் சீவி எடுக்கும் வெள்ளை வெண்டு அது, பஞ்சு போலக் கனமே இருக்காது. பெரிய கோயில் மாதிரியை அதில் செதுக்குவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெல்லிய சீவலைச் சுருட்டினால் ரோஜா, கத்தரித்தால் மல்லிகை. தின்னக்கூடியது இல்லை என்பதால் அடியில் ஒரு சாக்லேட் வட்டை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், சாயம் போடாத வெள்ளை நெட்டியாகவே இருக்கட்டும். ஈரத்தை உறிஞ்சும், அதனால் கடைசி நேரத்தில் வையுங்கள்.

நாகர்கோவில்: மன்னிக்கவும், என் கேக்கும் நடுவில் குழிகிறது. ஆனால் நான் செய்வது குக்கரில்.

குக்கரில் செய்தாலும் காரணங்கள் அவையேதான். முதல் பதிலில் இருக்கின்றன, தராசும் அதில்தான் இருக்கிறது. ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். தினமும் பருப்பு வேகும் குக்கரைத் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் காய விடாதீர்கள். அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வேலூர்: சர்க்கரை நோயாளிக்குக் கேக்?

அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடாது.

ஈரோடு: ஒரு கிலோ கேக்குக்கு என்ன விலை வைப்பது?

பொருள், மின்சாரம், பெட்டி, உங்கள் மணி நேரம் நான்கையும் எழுதிக் கூட்டுங்கள். நான்காவதைப் பெண்கள் எழுதாமல் விடுகிறார்கள். எழுதுங்கள். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டு விற்கத் தொடங்குங்கள்.

மதுரை, மறுபடியும்: சரி அக்கா, அரளியை விட்டுவிடுகிறேன். கேக் செய்பவர்கள் எங்களிடம் பூ வாங்க வருகிறார்கள். எதைத்தான் கொடுப்பது?

தங்கச்சி, இதைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பன்னீர் ரோஜா, சங்குப்பூ, செம்பருத்தி, தாமரை இதழ், மல்லிகை. ஆனால் சந்தைக்கு வரும் ரோஜா மருந்து அடித்து வருவது, தண்ணீரில் அலசினால் முழுதும் போகாது. அதனால் மருந்தே அடிக்காமல் வீட்டுத் தொட்டியிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ பூக்கும் பூவைத் தனிக் கூடையில் வையுங்கள். மாலைப் பூவோடு கலக்க வேண்டாம், கட்டும் நாரும் ஊசியும்கூடத் தனி. 'கேக்குக்கு' என்று கூடையில் எழுதி ஒட்டுங்கள். கேட்டு வருபவர்களிடம் காம்பைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மதுரை வருகிறேன். இரண்டு கூடை பன்னீர் ரோஜா எனக்கும் எடுத்து வையுங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.