அக்காவிடம் கேளுங்கள்: ஸ்காட்லாந்து மாப்பிள்ளைகள்

போன இதழில், ஸ்காட்லாந்தைக் களமாக வைத்து ஆங்கிலத்தில் வரும் கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இது மட்டும்.

அக்கா, காலேஜில் படிக்கும் என் மகள் எந்நேரமும் போனில் நாவல்தான். அட்டையில் சட்டை போடாத ஒரு ஆள், இடுப்பில் கட்டம்போட்ட பாவாடை, பின்னால் கோட்டை. கேட்டால் "இது கிறிஸ்டியன் நாவல்மா" என்கிறாள். நம்பலாமா?
– வாசகி, நாசரேத்

சட்டை இல்லாத ஆள் என்றால் மகளிடம் இன்னொரு தடவை கேளுங்கள். ஹைலேண்டர் நாவல், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டு வீரர்களின் காதல் கதை என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது, அதில் பெரும்பாலானதற்கும் ஜெபத்துக்கும் சம்பந்தமில்லை. 'இன்ஸ்பிரேஷனல்' என்று சொல்லி விற்கிற கிறிஸ்தவ நாவல் வேறு. அதில் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும், முத்தத்தோடு கதை நின்றுவிடும், நாயகனுக்கோ நாயகிக்கோ விசுவாசத்தில் ஒரு சிக்கல் கட்டாயம் இருக்கும். பதிப்பாளர் பெயரைப் பாருங்கள், அதுதான் சுலபம். பெத்தனி ஹவுஸ், ரெவெல், வாட்டர்புரூக், டின்டேல் என்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஹார்லெக்வின் என்றிருந்தால் 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசையா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், அந்தக் கம்பெனி எல்லா ரகமும் போடும்.

காதல் நாவல் படிப்பதே பாவம் என்று எங்கள் சபையில் ஒரு பெரியவர் சொல்கிறாரே?
– வாசகி, வள்ளியூர்

அவருடைய வேதாகமத்தில் பிரசங்கிக்கும் ஏசாயாவுக்கும் நடுவே இருக்கிற உன்னதப்பாட்டு காதல் பாட்டு இல்லாமல் வேறு என்ன என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை இந்த வகையில் ஒன்றும் படித்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

லிஸ் கர்டிஸ் ஹிக்ஸ் எழுதிய 'தார்ன் இன் மை ஹார்ட்' (2003). அதற்குத் தொடர்ச்சியாக இன்னும் இரண்டு உண்டு, மூன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், நடுவில் நிறுத்த மனசு வராது. தங்கை ராகேலை விரும்பிய யாக்கோபுக்கு மாமா லாபான் ஏமாற்றி அக்காள் லேயாளைக் கட்டிவைக்கிறானே, அந்த ஆதியாகமம் 29-ம் அதிகாரத்தைத் தூக்கி 18-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் வைத்திருக்கிறார். யாக்கோபு ஜேமி ஆகிறான், லேயாள் லியானா, ராகேல் ரோஸ், லாபான் வேறு யார், மாமாதான். இடம் தென்மேற்கில் காலோவே, ஆடு மேயும் தாழ்ந்த குன்றுகள். கோட்டை கொத்தளம், கில்ட் என்கிற அந்தக் கட்டம்போட்ட பாவாடை கட்டிய வீரன் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லோருக்கும் கதை தெரியும், அப்புறம் என்ன சுவாரசியம் என்பீர்கள். யாக்கோபு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு போய்விட்டான், பிரஸ்பிட்டேரியன் சபைக்காரனான ஜேமியால் அது முடியாதே! ஆதியாகமத்தில் இல்லாத ஒரு ஆள் இங்கே உள்ளே வருகிறது, அதுதான் சபை. ஸ்காட்லாந்தில் குருவானவரும் மூப்பர்களும் சேர்ந்த 'கிர்க் செஷன்' என்ற அமைப்பு ஊரில் யார் யாரோடு பழகுகிறார்கள், எந்தக் குழந்தை எந்த மாதத்தில் பிறந்தது என்பதுவரை விசாரித்து நோட்டில் எழுதி வைக்கும். தப்பு செய்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையார் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்துக் கண்டிப்பார்கள், சில சமயம் அடுத்தடுத்து பல வாரம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸையே விடவில்லை. ஜீன் ஆர்மர் கல்யாணத்துக்கு முன்னால் கர்ப்பமானதற்காக 1786-ல் மாக்லின் சபையில் எல்லோர் முன்னாலும் நின்று கண்டனம் வாங்கினார். நம் ஊரிலும் ஒரு வீட்டில் ஏதாவது பேச்சு கிளம்பிவிட்டால், திருவிருந்துக்கு அந்த வீட்டில் யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கண்கள் உண்டே, அதனால்தான் ஒரு நெல்லை வாசகிக்கு இந்தக் கதை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உறைக்கும் என்பேன். விசுவாசம் இங்கே நாயகி கடைசியில் செய்கிற ஒரு ஜெபம் இல்லை, அவள் எந்த வீட்டில் வாழப்போகிறாள் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. எனக்கு லியானா பக்கம்தான் மனசு. ரோஸ் கட்சிக்காரர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நான் படித்த மூன்று நாவலில் பாதிரியாரே இல்லாமல் கல்யாணம் நடக்கிறது. கிறிஸ்தவ நாட்டில் இப்படி நடக்குமா? கதை விடுகிறார்களா?
– வாசகர், தென்காசி

கதை இல்லை அண்ணாச்சி, சட்டமே அப்படித்தான் இருந்தது. சபை முறைப்படி என்றால் நம்மைப் போலவே ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உண்டா என்று அறிவிக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் சாட்சிகள் முன்னால் "இவள் என் மனைவி, இவர் என் கணவர்" என்று சொல்லிவிட்டாலே ஸ்காட்லாந்துச் சட்டப்படி அது கல்யாணம்தான். சபை கூப்பிட்டுத் திட்டும், அபராதம் போடும், செல்லாது என்று மட்டும் சொல்ல முடியாது. 1754-ல் இங்கிலாந்தில், 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் கட்டிக்கொள்ள முடியாதபடி சட்டம் வந்ததும், ஜோடிகள் எல்லையைத் தாண்டி முதலில் வருகிற கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஓட ஆரம்பித்தார்கள். அங்கே கொல்லன் பட்டறைதான் கல்யாண மண்டபம். 1856-ல், ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. சாட்சி முன்னால் சொல்லிக் கட்டிக்கொள்கிற வழி 1940 வரைக்கும் இருந்தது. ஓலை வாசித்த மூன்றாவது ஞாயிறுக்குள் எத்தனை சித்தப்பாமார் ஆட்சேபணை கிளப்புவார்கள் என்று தெரிந்த நமக்கு, கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

எல்லா நாயகனும் ஆறடி உயரம், சாம்பல் நிறக் கண், கில்ட், சொந்தமாகக் கோட்டை. அலுத்துவிட்டது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

எனக்கும்தான். ஒரு சின்னச் சோதனை சொல்லித் தருகிறேன். கதை 1760-ல் ஹைலேண்ட்ஸில் நடக்கிறது, நாயகன் பட்டாளத்தில் இல்லை, ஆனால் கில்ட் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறான் என்றால் எழுதியவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை. 1746-ல் கல்லோடன் போரில், பட்டம் இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகச் சண்டை போட்ட ஜாக்கபைட்டுகள் தோற்றபின் அந்த உடைக்கே தடை போட்டார்கள். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடியும் என்றால் ஏழு வருடம் நாடு கடத்தல். பட்டாளத்தாருக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடை நீங்கியது. இன்னொன்று, அந்தப் போரில் ஜாக்கபைட் பக்கம் நின்ற குலத்தார் பலர் பிஷப்மார் நடத்துகிற எபிஸ்கோப்பல் சபை, சிலர் கத்தோலிக்கர். நாவல்களில் பாதி இதைக் கண்டுகொள்வதே இல்லை, எல்லோரும் இன்றைய அமெரிக்கச் சபையில் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் மாதிரிதான் ஜெபிப்பார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ராபர்ட் கால்டுவெல் ஐயரும் ஸ்காட்லாந்துக்காரர்தானே? அவரை நாயகனாக வைத்து யாராவது எழுதியிருக்கிறார்களா?
– வாசகர், திசையன்விளை

பிறந்தது 1814-ல் அயர்லாந்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வளர்ந்ததும் பட்டம் வாங்கியதும் கிளாஸ்கோவில். 1838-ல் சென்னைக்கு வந்து, 1841-ல் பெரும்பாலும் நடந்தே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். 1844-ல் எலைசாவைக் கட்டினார். நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகள், தமிழ் நன்றாகத் தெரிந்தவர், இடையன்குடிப் பெண்களுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தவர். மேடையில் எல்லோரும் 1856-ல் வந்த கால்டுவெல்லின் திராவிட மொழி ஒப்பிலக்கணத்தையே பேசுகிறோம். தேரிக்காட்டு ஊருக்கு வந்த அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு நல்ல நாவல் வந்து நான் படித்ததில்லை. நீங்கள் எழுதுகிறீர்களா அண்ணாச்சி?

முன்மாதிரி வேண்டுமென்றால் பெருங்குளத்துக்காரர் அ. மாதவையாவின் 'கிளாரிந்தா' இருக்கிறது. 1915-ல் ஆங்கிலத்தில் எழுதினார், தமிழிலும் வந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் 1785-ல் கிறிஸ்தவக் கோயில் கட்டிய, நாம் பாப்பாத்தி அம்மாள் என்று சொல்கிற குளோரிந்தாவின் கதை. ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்த விதவை, அந்த உறவு காரணமாக மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார், அதிகாரி இறந்தபின் 1778-ல்தான் கொடுத்தார். அந்த ஒரு மறுப்பிலேயே ஒரு நாவலுக்கு வேண்டியது இருக்கிறது.

காசு செலவழிக்காமல் படிக்க ஏதாவது உண்டா?
– மாணவி, சாயர்புரம்

ஜார்ஜ் மெக்டொனால்ட். 1824-ல் ஸ்காட்லாந்தின் ஹன்ட்லியில் பிறந்த நாவலாசிரியர், இவரே ஒரு காலத்தில் குருவானவர்தான். காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசம். வாய் பேச முடியாத தெருப்பையன் ஒருவனின் கதையான 'சர் கிப்பி' (1879) எனக்குப் பிடித்தது. ஆனால் உரையாடல் முழுக்க வட்டார வழக்கு, நம் ஊர்ப் பேச்சை அப்படியே அச்சடித்து மெட்ராஸ்காரர் கையில் கொடுத்த மாதிரி இருக்கும், நடுநடுவே நீளமான பிரசங்கமும் வரும். திணறினால் மைக்கேல் பிலிப்ஸ் சுருக்கி எளிதாக்கிய பதிப்பைத் தேடு தங்கச்சி, அது இலவசம் இல்லை.