“கூட்டணுமா, கழிக்கணுமா?”: கணிதப் படிப்பு குறித்து சிங்கப்பூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். எண்களை மட்டும் கொடுத்துக் கூட்டு, பெருக்கு என்றால் பிழையில்லாமல் செய்கிறாள். அதையே மூன்று நான்கு வரிக் கணக்காகக் கொடுத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, கூட்டணுமா, கழிக்கணுமா?” என்று என் முகத்தைப் பார்க்கிறாள். நான் “கழி” என்றதும் சரியாகச் செய்துவிடுகிறாள். அவளாகவே சிந்திக்க நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தாய், ஈசூன்

பதில்: அந்தக் கணக்கில் கடினமான பகுதி, எதைச் செய்வது என்று தீர்மானிப்பதுதான். அதை நீங்கள் “கழி” என்ற ஒரே சொல்லில் முடித்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அவளுக்கு மிஞ்சுவது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த கழித்தல் மட்டுமே. அவள் உங்கள் முகத்தைப் பார்ப்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தன் விடை சரியா தவறா என்பதைப் பிறர் முகத்தைப் பார்க்காமல் தானே கண்டுகொள்ளும் வழி கைவசம் உள்ள பிள்ளைக்கே கணிதத்தில் தன்னம்பிக்கை வரும். “உன்னால் முடியும்” என்று எத்தனை முறை சொன்னாலும் அது அந்த வழிக்கு ஈடாகாது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். அக்காவிடமும் தம்பியிடமும் சேர்த்து 96 ஸ்டிக்கர்கள் உள்ளன, தம்பியைவிட அக்காவிடம் 24 அதிகம், தம்பியிடம் எத்தனை? “அதிகம்” என்ற சொல்லைக் கண்டவுடன் கூட்டிவிடும் பிள்ளைக்கு 120 வரும். இன்னும் கொஞ்சம் யோசிக்கும் பிள்ளை 96-ஐப் பாதியாக்கி 48 என்று வைத்துக்கொண்டு, அக்காவுக்கு 24 கூட்டி 72 என்றும் தம்பிக்கு 24 கழித்து 24 என்றும் எழுதும். இரண்டும் தவறு. ஆனால், இங்கே “தப்பு, திருப்பிப் போடு” என்று சொல்லத் தேவையே இல்லை. முதல் பிள்ளையிடம், “இருவரிடமும் சேர்த்தே 96தான் என்றால், ஒருவரிடம் மட்டும் 120 இருக்க முடியுமா?” என்று கேட்டால் போதும். இரண்டாம் பிள்ளையின் விடையைக் கணக்கிலேயே திரும்பப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 72-உம் 24-உம் சேர்ந்தால் 96 வருகிறது. அதைக் கண்டு பிள்ளை மகிழும். அடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று பார்த்தால் 48 என்று வரும். கணக்கு சொன்னதோ 24. ஒரு நிபந்தனையில் தேறிய விடை மற்றொன்றில் தோற்றுவிட்டது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டது.

அதன் பிறகு படம் வரையலாம். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள். அக்காவின் பட்டை 24 அளவுக்கு நீண்டிருக்கும். நீண்டிருக்கும் அந்தத் துண்டைக் கையால் மறைத்தால் மிஞ்சுபவை இரண்டு சமமான பட்டைகள், அவற்றின் மொத்தம் 72. ஆகவே தம்பியிடம் 36, அக்காவிடம் 60. பள்ளியில் “மாடல்” என்று சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை, 1980களில் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு, வாக்கியக் கணக்குகளில் திணறிய தொடக்கப்பள்ளி மாணவர்களுக்காகவே உருவாக்கியது. பொருளைத் தொட்டுப் பார்ப்பது, பிறகு படமாக்குவது, அதன் பிறகே குறியீடுகளுக்குப் போவது என்ற வரிசைக்கு உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனை அடிப்படை. படத்திலும் தடுமாறினால் பொத்தான்களையோ புளியங்கொட்டைகளையோ எடுத்து மேசையில் பரப்புங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விடை தவறாக இருக்கும்போது மட்டுமே “எப்படி வந்தது?” என்று கேட்கிறோம். பிள்ளைகள் கூர்மையானவர்கள், அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே அழிப்பானை எடுத்துவிடுவார்கள். விடை சரியாக இருக்கும்போதும் அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டு, பதிலை முழுமையாகச் சொல்லவிடுங்கள். பத்துக் கணக்குகளை அவசரமாக முடிப்பதைவிட இரண்டு கணக்குகளை இப்படிப் பேசித் தீர்ப்பது நல்லது. அவள் மௌனமாக இருக்கும் நேரத்தில் நீங்களும் மௌனமாக இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை.

கேள்வி: நான் தமிழ்நாட்டில் படித்தவன். மகன் அரைப் பக்கத்துக்குப் பட்டைகளாக வரைந்து தீர்க்கும் கணக்கை நான் “எக்ஸ்” என்று வைத்து இரண்டே வரியில் முடித்துவிடுவேன். அவன் தொடக்கநிலை 5-இல் இருக்கிறான். இப்போதே அதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன?
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

பதில்: சொல்லிக்கொடுப்பதில் குற்றமில்லை, அவசரம்தான் வேண்டாம். இயற்கணிதத்தின் தொடக்கம் அவனுக்குத் தொடக்கநிலை 6-இல் வரப்போகிறது. நீங்கள் இரண்டு வரியில் முடிப்பதற்குக் காரணம், அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது உங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கத்தில் தெளிவாக இருப்பதுதான். மேலே சொன்ன கணக்கில் தம்பியின் பட்டைதான் எக்ஸ். பட்டையின் மேல் அவனையே அந்த எழுத்தை எழுதச் சொல்லுங்கள்: எக்ஸ் + எக்ஸ் + 24 = 96. படமும் சமன்பாடும் ஒன்றையே சொல்கின்றன என்பதை அவன் கண்டுவிட்டால், பட்டைகளை அவனாகவே கைவிடும் நாள் வரும். அதற்கு முன் நீங்கள் வற்புறுத்தினால், எக்ஸை இடம் மாற்றினால் குறி மாறும் என்ற விதி மட்டும் மனத்தில் தங்கும். ஏன் மாறுகிறது என்று கேட்டால் “அப்பா சொன்னார்” என்பான்.

கேள்வி: வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வது பழைய முறை என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: மனப்பாடம் செய்யட்டும். தொடக்கநிலை 2, 3 வகுப்புகளுக்குள் வாய்பாடுகள் பாடத்திட்டத்திலேயே வந்துவிடுகின்றன. 7 × 8 எவ்வளவு என்று விரல் விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கணக்கின் பொருளை யோசிக்க மனத்தில் இடம் இருக்காது. ஆனால், மறந்துபோனால் மீண்டும் கட்டியெழுப்பத் தெரிந்திருக்க வேண்டும்: ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16, ஆகவே ஏழு எட்டு 56.

கேள்வி: நான் உயர்நிலை 1 மாணவன். கணிதத்தை, மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஜி2 நிலையில் படிக்கிறேன். வகுப்பில் மற்றவர்கள் சட்டென்று விடை சொல்கிறார்கள். எனக்குப் புரிவதற்குள் ஆசிரியர் அடுத்ததற்குப் போய்விடுகிறார். கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கணக்கு வராதா?
– ஒரு மாணவர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தம்பி, ஜி2 என்பது இந்தப் பாடத்தை இப்போது எந்த நிலையில் படிக்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. 2024-இல் உயர்நிலை 1-இலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த பாட அடிப்படையிலான வகைப்படுத்தலின் நோக்கமே, ஒவ்வொரு பாடத்தையும் மாணவர் தமக்கு ஏற்ற நிலையில் படிப்பதும், தேர்ச்சி காட்டினால் தகுந்த கட்டத்தில் மேல்நிலைக்கு மாறுவதும்தான்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனாலும், தெரிந்த வகைக் கணக்கில்தான் வேகம் பயன்படும். இங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் ஆய்வு செய்த மனு கபூர், பாடத்தை விளக்குவதற்கு முன்பே அதற்குரிய கடினமான கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் பல வழிகளில் முயன்றார்கள், பெரும்பாலும் சரியான விடையை எட்டவில்லை. அதன் பிறகு பாடம் நடத்தப்பட்டபோது, நேரடியாகப் பாடம் கேட்டுப் பயிற்சி செய்தவர்களைவிடக் கருத்தைப் புரிந்துகொள்வதில் அவர்களே மேம்பட்டு நின்றார்கள். திணறும் நேரம் வீணாகும் நேரமில்லை, அந்தத் திணறலுக்குப் பின் விளக்கம் கிடைக்குமானால்.

விளக்கம் கிடைக்க நீங்கள் கேட்டாக வேண்டும். “புரியவில்லை, சார்” என்றால் ஆசிரியர் முதலிலிருந்து தொடங்குவார். உங்களுக்குக் கூச்சம் இன்னும் கூடும். “மூன்றாம் வரி வரை புரிந்தது, நான்காம் வரியில் இந்தக் குறி ஏன் மாறியது?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பவரை எந்த ஆசிரியரும் பின்தங்கியவர் என்று நினைக்கமாட்டார். கை உயர்த்தத் தயங்கினால் நோட்டுப் புத்தகத்தில் அந்த வரியை வட்டமிட்டு, வகுப்பு முடிந்ததும் காட்டலாம்.

அதோடு, உங்கள் விடையை நீங்களே சோதிக்கப் பழகுங்கள். 2(எக்ஸ் + 3) என்பதை விரிக்கும்போது 2எக்ஸ் + 3 என்று எழுதிவிடுவது உங்கள் வகுப்பில் பலரும் செய்யும் பிழையாக இருக்கும். எக்ஸுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள்: முதல் கோவை 8, இரண்டாவது 5. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. 2எக்ஸ் + 6 என்றால் 8 வருகிறது. ஒரு மதிப்பில் பொருந்திவிட்டால் மட்டும் முழு நிரூபணமாகிவிடாது. பொருந்தாவிட்டால் தவறு என்பது உறுதி. இதற்கு ஆசிரியரும் வேண்டாம், விடைத்தாளும் வேண்டாம், அரை நிமிடம் போதும்.

கேள்வி: என் பேரன் தொடக்கநிலை 6. செவ்வாயும் சனியும் கணிதத் துணைப்பாடம். வியாழக்கிழமையும் ஒரு வகுப்பில் சேர்க்கலாமா என்று மருமகள் கேட்கிறாள். “நீ கெட்டிக்காரன்” என்று சொல்லித்தான் வளர்த்தோம். இப்போதெல்லாம் கடினமான கணக்கு என்றாலே தொடுவதில்லை.
– ஒரு பாட்டி, அங் மோ கியோ

பதில்: அம்மா, உங்கள் பேரன் தயங்குவதற்கும் அந்தப் பாராட்டுக்கும் தொடர்பு இருக்கலாம். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்து போனார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்குத் தவறிய கணக்கு ஒவ்வொன்றும் அந்தப் பெயரைப் பறிக்கும் ஆபத்தாகத் தெரியும். தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. இனி, “இரண்டாவது முறை வேறு படம் வரைந்து பார்த்தாயே, அது நல்ல யோசனை” என்று அவன் செய்ததைச் சுட்டிப் பாராட்டுங்கள்.

15 வயது மாணவர்களின் திறனை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் பிஸா ஆய்வின் 2022 கணிதத் தேர்வில் 575 புள்ளிகளுடன் சிங்கப்பூர் உலகில் முதலிடம் பெற்றது. அதே நாட்டில், சாப்பாட்டு மேசைகளில் அசெஸ்மென்ட் புத்தகத்தின் மேல் கண்ணீர் விழுவதும் நாம் அறிந்ததே. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2021 முதல் மாணவரைப் பிற மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடும் முறை மாறிவிட்டது. 90-உம் அதற்கு மேலும் ஏஎல்1 என்னும் மிக உயர்ந்த அடைவுநிலை, 65 முதல் 74 வரை ஏஎல்5, 45 முதல் 64 வரை ஏஎல்6 என்று மதிப்பெண்கள் எட்டு நிலைகளாகப் பகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு அரை மதிப்பெண்ணுக்கும் துரத்தும் அவசியம் முன்போல் இல்லை.

துணைப்பாடமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்புகளால் பல குடும்பங்கள் பயனடைந்திருக்கின்றன. ஆனால், வகுப்பு நன்றாக நடக்கிறதா என்பதை மருமகளே சோதித்துப் பார்க்கலாம். சனிக்கிழமை வகுப்பில் செய்த ஒரு கணக்கை எடுத்து, எண்களையும் கேள்வியின் கடைசி வரியையும் மாற்றி, ஞாயிறு மாலை அவனிடம் கொடுக்கட்டும். யோசித்து, தவறினாலும், எங்கே தடுமாறினான் என்று சொல்ல முடிந்தால் அந்த வகுப்பு பயன் தருகிறது. “இது எங்களுக்கு இன்னும் சொல்லித் தரவில்லை” என்று சொன்னால், அங்கே அவன் விடைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது வகுப்பிலும் அதையேதான் செய்வான். இரண்டில் எதுவானாலும் வியாழக்கிழமையை அவனுக்கே விட்டுவிடச் சொல்லுங்கள்.