மூலிகை கேட்டு வந்தவர்களுக்கு: புகையை நிறுத்துவது பற்றி ஒரு சித்த வைத்தியரின் பதில்கள்

கொக்குவில் வாசகர்: ஐயா, பதினைந்து வருடமாகச் சிகரட் பிடிக்கிறேன். ஆங்கில மருந்து வேண்டாம். வளவில் கிடைக்கிற மூலிகை ஏதும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது தம்பி, பூவாங்குருந்தல். நெய்ச்சட்டிக்கீரை என்றும் சொல்வார்கள். சின்ன ஊதாப் பூவோடு வேலியோரத்தில் தானாக முளைக்கும். தாய்லாந்து அரசு இதைப் புகை நிறுத்தும் மருந்தாகத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. செடியிலுள்ள பொட்டாசியம் நைத்திரேற்று நாக்கை மெல்ல மரக்கச் செய்வதால் சிகரட்டின் ருசி கெட்டுவிடுகிறது என்பது விளக்கம். நடந்த ஆய்வுகள் சிறியவை. கைகொடுக்கும், ஆனால் உங்களுக்குப் பதிலாக அது சிகரட்டை விடாது. பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்களும், லொசார்டான், எனலாபிரில் போன்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களும் தொட வேண்டாம். மற்றவர்களும் நேரில் ஒரு வைத்தியரிடம் காட்டி அளவு கேட்டுக் குடியுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. எந்த மூலிகையையும் காயவைத்துச் சுருட்டிப் பற்றவைக்காதீர்கள். துளசியை எரித்தாலும் தாரும் காபனோரொட்சைட்டும்தான் நெஞ்சுக்குள் போகும். அடுத்தது, சிகரட்டை விட்ட கையோடு வெற்றிலைத் தட்டத்தை இழுக்காதீர்கள். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டுவிட்டது. இலங்கை ஆண்களில் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்.

நல்லூர் வாசகி: இவருக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுக்க ஏதும்?

பதில்: இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

திருநெல்வேலி வாசகர்: விட்டு மூன்றாம் நாள். தலை வெடிக்கிறது, நித்திரை இல்லை, கை நடுங்குகிறது. சிகரட் நினைவு வரும்போதெல்லாம் கோப்பி குடித்துச் சமாளிக்கிறேன். உடம்பு பழுதாகிவிட்டதா?

பதில்: இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். புகையிலுள்ள பொருட்கள் ஈரலைத் தூண்டி, கோப்பியின் கஃபீனை வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. இப்போது புகை இல்லை. அதே அளவு கோப்பி ஏறத்தாழ இரண்டு மடங்காக இரத்தத்தில் தங்குகிறது. உங்கள் நடுக்கத்திலும் நித்திரையின்மையிலும் பாதி கோப்பியின் வேலையாக இருக்கலாம். கோப்பியையும் தேத்தண்ணியையும் அரைவாசியாக்குங்கள். பின்னேரத்துக்குப் பிறகு மல்லித்தண்ணி காணும்.

மற்றப் பாதி, சிகரட்டில் பழகிய நிக்கொட்டின் உடம்பில் இறங்குவதால் வருகிற தவிப்பு. இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். தவிப்புக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், பிறகு இரண்டு முதல் நாலு கிழமையில் அடங்கும். ஆசை வரும்போது ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் பெரும்பாலும் தணியும். எழுந்து வேகமாக நடவுங்கள், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுங்கள். வாய்க்கு வேலை வேண்டுமென்றால் புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. அதைக் கடித்து முடிக்கவே ஐந்து நிமிடம் போய்விடும். மலச்சிக்கல் வந்தால் பயப்படாதீர்கள், அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் எடுப்பவர்கள் விட்டவுடன் டொக்டரிடம் சொல்லுங்கள். கோப்பியைப் போல அதுவும் உடம்பில் கூடும், அளவைக் குறைக்க வேண்டி வரும்.

சுன்னாகம் வாசகர்: என்ன மூலிகை குடிக்கலாம்?

பதில்: முதல் பதில்.

புன்னாலைக்கட்டுவன் வாசகர்: நான் தோட்டக்காரன். கடைச் சிகரட்டில்தான் இரசாயனம். எங்கள் செம்மண்ணில் விளைந்து, நாங்களே பாடம் போட்டுச் சுற்றிய சுருட்டு இயற்கை. புகையை உள்ளே இழுப்பதுமில்லை. என் அப்பு தொண்ணூறு வயது வரை பிடித்தவர்.

பதில்: ஐயா, அப்புவின் ஆயுளுக்கு வணக்கம். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது; இழுக்காவிட்டாலும் வாய்த் தோலாலேயே நிக்கொட்டின் இறங்கும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கும் அந்த வழி போதும்.

அதே வாசகர்: இயற்கையா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பதில்: இயற்கைதான். பயிரில் பூச்சி விழுந்தால் புகையிலையை ஊறவைத்துத் தெளித்தது உங்கள் ஊரில் யாருக்கும் தெரியாததா? புழுவைக் கொன்றது எந்தக் கம்பனி இரசாயனம்? நிக்கொட்டின், செடி தானே செய்கிற நஞ்சு. பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் ஒடித்தவருக்குத் தலைசுற்றி வாந்தி வருவதும் அதனால்தான், தோலாலேயே ஏறிவிடுகிறது.

அதே வாசகர்: அப்போ புகையிலை வித்துப் படித்த பிள்ளைகள் எல்லாம் பாவமா? தோட்டத்தை அழிக்கச் சொல்கிறீரா?

பதில்: திருவாங்கூர் வரை கப்பலில் போன பயிர் அது. அந்தக் காசில் எழும்பிய வீடுகளை நான் குறை சொல்லவில்லை. தோட்டக் கணக்கு வேறு, நெஞ்சுக் கணக்கு வேறு; என்னிடம் கேட்டது இரண்டாவது. வெங்காயம் வைக்கலாமா என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கோண்டாவில் வாசகர்: புன்னாலைக்கட்டுவன் ஐயா சொன்னது சரிதானே? பீடியாவது பரவாயில்லையா?

பதில்: இல்லை. பீடி அணைந்து அணைந்து போவதால் இன்னும் பலமாக இழுப்பீர்கள். சுருட்டுக் கதையை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பருத்தித்துறை வாசகர்: வேப் என்கிற மின்சிகரட்?

பதில்: இலங்கையில் தடை.

மானிப்பாய் வாசகர்: அதிமதுரக் குச்சி சப்பச் சொல்கிறார்கள்.

பதில்: நாலைந்து நாள் சரி. தொடர்ந்து சப்பினால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். கறுவாப்பட்டைத் துண்டு போதும். பாக்கு வேண்டாம், திரும்பவும் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறை வாசகர்: மூன்று மாதமாக இருமல், சளியில் இரத்தம். கசாயம் சொல்லுங்கள்.

பதில்: கசாயம் கிடையாது. நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியும் எக்ஸ்ரேயும் பாருங்கள்.

உரும்பிராய் வாசகி: மகன் விட்டுவிட்டு விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கிறான். மூலிகை வேலை செய்யாதா?

பதில்: மூலிகை, மூலிகை! அம்மா, துணையில்லாமல் விட முயல்கிற நூறு பேரில் ஒரு வருடம் தாண்டுவது மூன்று முதல் ஐந்து பேர். மகன் மற்ற தொண்ணூற்றைந்தில் ஒருவர், அவ்வளவுதான். தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும். சித்த வைத்தியன் இதைச் சொல்கிறானே என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த நிக்கொட்டினும் செடியிலிருந்து எடுப்பதுதான். தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு மகனையே எடுத்துக் கதைக்கச் சொல்லுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: எனக்குப் பல் இல்லை. புழுக்கொடியல் எப்படிக் கடிப்பது?

பதில்: ஒரு ஏலக்காயையோ கராம்பையோ கொடுப்புக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். பாக்குரலை மட்டும் எடுக்காதீர்கள்.